ஒவ்வொன்றும் கையால் வெட்டியது

கத்தரிக்கோல் வாங்குவதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. மலிவுக் கடையில் ஆரஞ்சு நிறப் பிடி போட்டு ஒன்று விற்கிறார்களே, அது மூன்றாவது வாரமே பல்லை இளித்துவிடும். வழுவழுப்பான காகிதத்தை அது வெட்டாது, மென்று துப்பும். நீங்கள் கேட்டது கூப்பன்களைப் பற்றி, கத்தரிக்கோலைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும், மிஸ்டர் கீஃபர். ஆனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பேச முடியாது. அதைத்தான் காலையிலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

உங்களை அனுப்பியவர்கள் கூப்பன் அச்சடிக்கும் கம்பெனிக்காரர்கள். சிகாகோவிலிருந்து இந்த ஏப்ரல் மாதச் சேற்றில் ஐந்து மணி நேரம் காரோட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வந்ததும் மரியாதையாகத்தான் பேசினீர்கள், குறை சொல்ல மாட்டேன். வலைத்தளத்தை மூடிவிட வேண்டியது, மிச்சக் கூப்பன்களை ஒப்படைக்க வேண்டியது, இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போட வேண்டியது, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றீர்கள். நான் பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். வேண்டுமானால் லுவானைக் கேளுங்கள். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றுதானே ஷெரிஃப் அவளை இங்கே உட்கார வைத்திருக்கிறார். நானும் அவளும் ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவள் கொண்டு வந்திருக்கிற இனிப்பு ரொட்டியை நீங்கள் இன்னும் தொடவே இல்லை, அது நன்றாக இருக்கும்.

பேனா கையில் இருந்தபோதுதான் அந்தப் புகைப்படங்களைப் பரப்பினீர்கள். பூனை உணவுக் கூப்பன், நாலு டாலர் தள்ளுபடி. பெரிதாக்கி எடுத்த படங்கள். பரப்பிவிட்டு, ஏதோ வானிலை சொல்வது போலச் சொன்னீர்கள்: "இதெல்லாம் மொத்தமா அடுக்கி வச்சு மெஷின்ல வெட்டினது, மேடம். எங்களுக்குத் தெரியாதா?"

அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. திருடி என்று சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வேன். அடுக்கி வெட்டினாள் என்று சொல்லாதீர்கள். லுவானுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நூறு தாளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே வெட்டாக வெட்டினால் நூறு கூப்பனின் ஓரமும் அச்சுப்பிசகாமல் ஒரே மாதிரி இருக்கும். கூப்பன்கள் கடைகளிலிருந்து கடைசியாகப் போய்ச் சேரும் எண்ணும் நிலையத்தில் அதைப் பார்த்ததும் மணி அடித்துவிடுவார்கள். இதை வீட்டில் ஒரு குடும்பத் தலைவி வெட்டவில்லை, எங்கோ ஒரு மோசடிக்காரன் கட்டுக்கட்டாக வெட்டியிருக்கிறான் என்று கடைக்குக் காசு தர மாட்டார்கள். அந்த மோசடிக்காரன் கூட்டத்தில் என்னைச் சேர்க்கிறீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். டேப் ஓடட்டும்.

என் புருஷன் கேரி என்னை விட்டுவிட்டு பனிச்சறுக்கு வண்டி விற்கும் ஒருத்தியோடு டுலூத் பக்கம் போன வருஷம்தான் இதை ஆரம்பித்தேன். அப்போது டிவியில் கூப்பன் பைத்தியம் தலைக்கேறியிருந்த சமயம். கடுகுச் சாஸ் எண்பது புட்டி வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்துவிட்டுச் சாதித்துவிட்டதாகச் சிரிக்கிற பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எண்பது புட்டிக்கு எண்பது கூப்பன் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குள் இருப்பது ஒன்றே ஒன்று. எண்பது பத்திரிகைக்கு அவள் எங்கே போவாள்? என்னிடம் வருவாள். நாடு முழுக்க என்னைப் போல நூற்றுக்கணக்கான பேர் வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தோம். கூப்பனை விற்பது கூடாது என்று கூப்பனிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நாங்கள் விற்கவில்லை. வெட்டுகிற உழைப்புக்குக் கூலி வாங்கினோம்.

மொத்தமாக எப்படிக் கிடைத்தது என்பதுதான் உங்கள் கேள்வி. ஆரம்பத்தில் பெட்ரோல் பங்கில் இருபது பத்திரிகை வாங்கினேன். கட்டுப்படியாகவில்லை. பிறகு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பழைய காகிதம் போடும் பெரிய தொட்டிக்குள் இறங்கினேன். அதில் எனக்கு வெட்கமெல்லாம் இல்லை, ஆனால் விஸ்கான்சின் ஜனவரியில் தொட்டிக்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பத்திரிகை போடும் டேலுக்கு வாரம் ஒரு பாட்டில் பிராந்தி கொடுத்து மிச்சப் பிரதிகளை வாங்கினேன். டேல் குடித்துவிட்டு ஊரெல்லாம் சொன்னான். அதுவும் போயிற்று.

அப்புறம்தான் அந்தப் படிவம் கண்ணில் பட்டது. நம் ஊரில் பனி விழ ஆரம்பித்ததும் காசுள்ளவர்கள் எல்லோரும் ஃப்ளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் போய்விடுவார்கள், ஏப்ரல் வரை தலைகாட்ட மாட்டார்கள். போவதற்கு முன்னால் பத்திரிகை ஆபீசுக்கு ஒரு படிவம் எழுதித் தருவார்கள். அதில் ஒரு சின்னக் கட்டம். 'நான் ஊரில் இல்லாதபோது என் பிரதியை முதியோர் இல்லத்துக்குக் கொடுங்கள்.' எல்லோரும் அதில் டிக் போடுவார்கள், ஏனென்றால் போட்டுவிட்டு நிம்மதியாக வெயில் காயலாம். பத்திரிகைக்காரர்களுக்கும் அது விற்ற கணக்கில் வந்துவிடும். நான் வேலை பார்ப்பதோ வில்லோ பெண்ட் முதியோர் இல்லத்தில். அங்கே பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு நான்தான் பொறுப்பு. பத்திரிகை ஆபீசிலிருந்து வந்த தாளில் உங்கள் இல்லத்தில் எத்தனை வாசகர்கள் என்று கேட்டிருந்தார்கள். எங்களிடம் இருப்பது நாற்பத்து நாலு பேர், அதில் பதினோரு பேருக்குக் கண் தெரியாது. நான் அறுநூறு என்று எழுதினேன்.

யாரும் வந்து பார்க்கவில்லை. வயசானவர்கள் படிக்கிறார்கள் என்றால் ஊருக்கே மனசு இளகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வேன் வரும். ஓட்டுகிறவன் சோம்பேறி, கூப்பன் இணைப்புகளைப் பத்திரிகைக்குள் செருகாமலே தனிக் கட்டாக இறக்கிவிட்டுப் போவான். கடவுள் அவனை நன்றாக வைத்திருக்கட்டும். டிசம்பரில் பனி ஏற ஏறக் கட்டுகளும் ஏறின. இதில் யாருக்கு நஷ்டம் சொல்லுங்கள். டிக் போட்டவர்களுக்குப் புண்ணியம், பத்திரிகைக்கு எண்ணிக்கை, எங்கள் பெரியவர்களுக்குக் கைக்கு வேலை.

ஆமாம், வெட்டியவர்கள் அவர்கள்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் கைவேலை நேரம். மற்ற இல்லங்களில் நுரைப் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்வார்கள், பாவம். எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு கைக்கும் நல்ல கத்தரிக்கோல், முன்னால் காப்பி, ரேடியோவில் போல்கா பாட்டு. அதிகம் வெட்டியவருக்குச் சாக்லேட். மகன்களும் மகள்களும் பார்க்க வந்தால், "எங்கம்மா இவ்வளவு உற்சாகமா இருந்து பல வருஷமாச்சு, ஜோலீன்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் பொய் சொல்லவில்லை.

ஒரே ஒருவரைத்தான் மேஜையிலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. வெர்ன் ஷூல்ட்ஸ். நாற்பது வருஷம் எந்திர உதிரிபாகம் செதுக்கியவர். அவர் வெட்டினால் கூப்பன் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும், நூறும் ஒரே அளவு. வாங்கியவர்களிடமிருந்து புகார் வந்துவிட்டது, கடையில் சந்தேகப்படுகிறார்கள் என்று. கொஞ்சம் கோணலாக வெட்டுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "கோணலாவா? செத்தப்புறம் பார்க்கலாம், போம்மா" என்றார். அவரைக் கூப்பன்களைத் தேதிவாரியாகப் பிரித்து அடுக்கும் வேலைக்கு மாற்றினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வெர்ன் எவ்வளவுக்கு ஆகாதவரோ அவ்வளவுக்கு உதவியவள் ஆர்டிஸ் டோலெஃப்சன்.

ஆர்டிஸுக்கு எழுபத்தொன்பது வயது. நடுக்குவாத நோய், கை ஓயாமல் நடுங்கும். அவள் கத்தரிக்கோலைப் பிடித்தால் ஓரம் அலை அலையாக வரும், ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஆனால் வேகமோ வேகம், மற்ற நாலு பேர் வெட்டுவதை அவள் ஒருத்தி வெட்டுவாள். மீன் செதில் தேய்த்துப் பழகிய கை. அந்தக் கூப்பனைப் பார்க்கிற எவரும், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் சமையலறையில் அவசரமாக வெட்டியது என்று சத்தியம் செய்வார். என்னைப் போலத் தொழில் செய்த மற்றவர்கள் அந்த வருஷம் வரிசையாக மாட்டினார்கள். வெர்னை மாற்றிய பிறகு எனக்கு மட்டும் ஒரு புகார் வரவில்லை. ஆர்டிஸ்தான் காரணம். எனக்கு அவள் மேல் உயிர். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு. சின்ன வீடு, பச்சைக் கதவு, பின்னால் மரத்தால் கட்டிய படகுத்துறை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால்தான் எங்களிடம் வந்தாள். இடுப்பு கூடிவிட்டது, கைதான் பாக்கி. மே மாதம் முதல் சனிக்கிழமை மீன்பிடிக் காலம் திறக்கும்போது தன் படகுத்துறையில் தூண்டிலோடு நிற்க வேண்டும், அவள் கேட்டது அது ஒன்றுதான். ஐம்பத்திரண்டு வருஷம் ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லையாம். மினியாபொலிஸில் இருக்கிற மகன் கிரெய்க் வீட்டை விற்றுவிடலாம் என்றான். கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கைப்பயிற்சி கொடுக்கிற பெண் ஜனவரியிலிருந்து மாசக் கடைசியில் வந்து ஒரு சோதனை வைப்பாள். காப்பியைச் சிந்தாமல் ஊற்ற வேண்டும், கோட்டுப் பொத்தான் போட வேண்டும், பூட்டில் சாவியை நுழைத்துத் திறக்க வேண்டும். மார்ச் முடிவதற்குள் ஒரே ஒரு தடவை தேறினால் போதும், வீட்டை விற்பதில்லை.

நவம்பரில் டாக்டர் மாத்திரையை மாற்றினார். காலை, நண்பகல், இரவு என்று மூன்று வேளை. பத்தே நாள்தான், மிஸ்டர் கீஃபர். ஒரு திங்கட்கிழமை ஆர்டிஸ் என் முன்னால் இரண்டு கையையும் நீட்டினாள். அசையவில்லை. "பாரு கண்ணு," என்றாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி இருந்ததில்ல." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மெய்யாகவே சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் அவள் வெட்டியதைப் பார்த்தேன். நேராக இருந்தது. வெர்ன் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இப்பதான் உனக்கு வேலை வந்திருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்த வாரக் கூப்பன்களில் பாதியை வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பூனை உணவுக் கூப்பன் வர ஆரம்பித்த சமயம் வேறு. நம் ஊர்ப் பதிப்புக்கு மட்டும் பரீட்சார்த்தமாக அச்சடித்தது, வேறெங்கும் கிடையாது. டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் பூனை வளர்க்கிறவர்கள் இப்போதே வரிசையில் நிற்கிறார்கள். அதனால்தானே நீங்களும் என்னைக் கண்டுபிடித்தீர்கள். இந்த ஊரைத் தாண்டாத கூப்பன் ஆயிரக்கணக்கில் டெக்சாஸில் எப்படி முளைத்தது என்று. அது என் தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். பேராசைப்பட்டுவிட்டேன்.

முதல் தடவை நடந்தது தற்செயல். மருந்து கொடுக்கிற ரோண்டாவுக்கு ஆள் பற்றாக்குறை, ஒருத்தியே இரண்டு மாடிக்கும் ஓட வேண்டும். நண்பகல் மாத்திரையைச் சின்னக் காகிதக் கோப்பையில் போட்டு, "ஆர்டிஸ் காப்பி குடிச்சதும் இதைக் குடுத்துடு ஜோலீன், நீ புண்ணியவதி" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனாள். அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. கோப்பை என் சட்டைப் பையில் இருந்துவிட்டது. ஒரு மணிக்கு ஆர்டிஸின் விரல் நடுங்க ஆரம்பித்தது, ஒன்றரைக்கு அலை வந்தது. பழையபடி அழகான அலை. கைவேலை முடிந்ததும் மாத்திரையைக் கொடுத்தேன், நாலு மணிக்கெல்லாம் கை சரியாகிவிட்டது. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. நண்பகல் மாத்திரை மூன்று மணி நேரம் தள்ளிப் போனால் அது மூன்று மணி மாத்திரை, அவ்வளவுதானே. அன்றிலிருந்து ரோண்டா தினமும் கோப்பையை என்னிடமே தந்துவிடுவாள், டிசம்பர் முழுக்க இப்படித்தான் தள்ளிக் கொடுத்தேன்.

ஜனவரிக் கடைசியில் முதல் சோதனை. அது கைவேலை நேரத்திலேயே வந்து விழுந்தது, நான் என்ன செய்ய முடியும். ஆர்டிஸ் பொத்தானைப் போட்டுவிட்டாள். காப்பி கொஞ்சம் சிந்தியது, அந்தப் பெண் கண்டுகொள்ளவில்லை, நல்லவள். சாவிதான் நுழையவில்லை. பூட்டைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே இருந்தது அந்தச் சாவி. மேஜையிலிருந்த எல்லோரும் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஆர்டிஸ் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, "பெப்ரவரியில பாத்துக்கலாம்" என்றாள். சொன்னது அந்தப் பெண்ணிடம், பார்த்தது என்னை. நான் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

நான் யோசிக்காமல் இல்லை. அந்த வீட்டு வாசலில் ஏழு படி, குளிர்காலத்தில் ஏழும் பனிக்கட்டி. பக்கத்தில் மனுஷ வாசனை கிடையாது. எங்களிடமோ புதன்கிழமை தவறாமல் உருளைக்கிழங்கு போட்டுச் சுட்ட ஹாட்டிஷ், ஞாயிறு டிவியில் பேக்கர்ஸ் ஃபுட்பால் ஆட்டம், சீட்டாடப் பத்துப் பேர். கூப்பன் காசில் நான் கூண்டு வாங்கி எட்டுச் சிட்டுக்குருவி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஆர்டிஸ்தான் பெயர் வைத்தாள். தனியாக வீட்டில் கிடந்து மறுபடி விழுந்து, கேட்க நாதியில்லாமல் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல் இல்லையா. அவளுக்கு எது நல்லது என்று அவளைவிட எனக்குத் தெரிந்திருந்தது. பெற்ற பிள்ளை செய்யாததை நான் செய்தேன்.

பெப்ரவரிச் சோதனையில் காப்பியும் போயிற்று. மேஜை முழுக்கக் கொட்டி, வெட்டி வைத்த கூப்பன் இருநூறு நனைந்துவிட்டது. அதற்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். "உன் வேலையைக் கெடுத்துட்டேனே கண்ணு," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கூப்பனாக எடுத்துத் தன் கம்பளிச் சட்டையில் ஒற்றினாள். கை ஆடியதில் பாதி கிழிந்தது. நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. போனால் போகிறது, வேறு வெட்டலாம் என்றேன். அன்றைக்கு இரண்டு சாக்லேட் கொடுத்தேன்.

அதன் பிறகு அவள் யாருக்கும் தெரியாமல் பழக ஆரம்பித்தாள். கைவேலை முடிந்ததும் நடைவழியில் இருக்கிற துடைப்ப அலமாரியின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அதன் பூட்டில் சாவியை நுழைத்துப் பழகுவாள். டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சில நாள் நுழைந்துவிடும். அப்போது அவள் யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பாள். நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொள்வேன்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் அற்புதமாகக் கேட்ட மருந்து இப்போது ஏன் பாதி நாளுக்கு மேல் நிற்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டார். நோய் முற்றுகிறது என்று கிரெய்க்குக்கு எழுதிவிட்டார். ரோண்டா ஒருத்திதான் ஒரு நாள் என் மேஜையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "வேடிக்கையைப் பாரேன், சனிக்கிழமைன்னா ஆர்டிஸ் வேற ஆளு. சீட்டைக் கலைச்சுப் போட்டு எல்லாரையும் ஓட ஓட ஜெயிக்கிறா. நீதான் பாக்கறதே இல்ல." சனிக்கிழமை எனக்கு விடுமுறை. சிலருக்கு அப்படித்தான், ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது என்றேன். அவளும் தலையாட்டினாள்.

மார்ச் சோதனை போன செவ்வாய்க்கிழமை. கிரெய்க் நேரில் வந்திருந்தான். ஆர்டிஸ் அன்றைக்கு உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்தாள், அதுவும் கன்னம் வரைக்கும் போயிருந்தது. பொத்தானிலேயே நின்றுவிட்டது. முதல் பொத்தானோடு கால் மணி நேரம் போராடினாள். கிரெய்க் எழுந்துபோய் அதைப் போட்டுவிட்டு, "போதும்மா, வேண்டாம்" என்றான். அவன் அழுதான், அவள் அழவில்லை. வெள்ளிக்கிழமை விற்பனைப் பத்திரத்தில் அவளுக்காக அவனே கையெழுத்திட்டான். இல்லினாயிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் வாங்கியிருக்கிறார். ஏரிக்கரை முழுக்க அந்த ஊர்க்காரர்கள்தான் இப்போது, தூண்டிலில் புழு கோர்க்கவும் ஆள் வைக்கிறவர்கள். எனக்கே வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை, அதாவது இன்றைக்குக் காலையில், ஷெரிஃபின் ஆட்கள் என்னைக் கூப்பிட வந்தபோது ஆர்டிஸ் மேஜையில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோலை யார் கேட்டும் கொடுக்க மாட்டேன் என்று மடியில் வைத்திருந்தாள். "இது ஒண்ணுதான் இன்னும் என் கை செய்யுது" என்றாள்.

ஆகவே இதுதான் விஷயம். இப்போது அந்தப் புகைப்படங்களை மறுபடி எடுங்கள். மேல் வரிசையில் இருப்பவை நவம்பரில் வெட்டியவை. நேராக இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று நூல் அளவு வித்தியாசம் இருக்கிறது, அளந்து பாருங்கள். கீழ் வரிசை ஜனவரிக்குப் பிறகு. அலையைப் பாருங்கள். மெஷின் இப்படி வெட்டுமா? எந்த மெஷினுக்கு நடுக்குவாதம் வந்திருக்கிறது? சந்தேகமிருந்தால் வில்லோ பெண்டுக்கு வாருங்கள். நண்பகல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஒரு மணிக்கு அவளை வெட்டச் சொல்லுங்கள். மறுநாள் கொடுக்காமல் வெட்டச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் எண்ணும் நிலையத்துக்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். ஒரு கூப்பன்கூட அடுக்கி வெட்டியதில்லை. என் பெயரில் அந்தக் களங்கம் இருக்கக் கூடாது.

என்ன, டேப்பை எதற்கு அப்படிப் பார்க்கிறீர்கள். நீங்கள்தானே கேட்டீர்கள்.

லுவான், உனக்கு இப்போது என்ன. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாய். "தள்ளித்தான் குடுத்தேன்னு சொன்னியே ஜோலீன். அப்ப ஜனவரியிலேர்ந்து அந்த மாத்திரையெல்லாம் எங்கடி?" என்று கேட்கிறாய். அந்தக் குரலில் கேட்க வேண்டியதில்லை, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சோதனை மாலை வேளையில் வைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஜனவரியிலிருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டேன். என் மேஜையின் கீழ் இழுப்பறையில் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. எழுபத்தெட்டு மாத்திரை, நான் வேலைக்கு வந்த நாள் ஒன்றுக்கு ஒன்று. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், ஒன்றுகூடக் குறையாது, நான் அடுத்தவர் பொருளைத் தொடுகிறவள் இல்லை. ரோண்டாவின் வண்டியில் இருந்த புட்டியில் தேதியையும் பார்த்து வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் அக்டோபர் வரைக்கும் செல்லுபடியாகும், ஆர்டிஸுக்கு எதுவும் வீணாகிவிடவில்லை.